சுமையறிந்து வண்டி கொள்க

மைசூர்ச் சீமையின் காளைகள் பெரும் புகழ் வாய்ந்தவை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிக்க தேவராஜ உடையார் ஆண்ட காலத்தில் ‘பெண்ணெ சாவடி’ என்ற பெயரில் அரசாங்கக் கால்நடைப் பண்ணை ஒன்று இருந்தது. பின்னாளில் திப்பு சுல்தான் அதற்கு ‘அமிர்த மகால்’ எனப் பெயரிட்டார். அம்மந்தையின் காளைகள் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போர்க்களம் வரை சென்றன. பீரங்கியின் பாரத்தை அறியாமல் காளைகளைப் பூட்டுவார் உண்டோ? அந்த எளிய நியாயத்தை மோட்டார் யுகத்தில் நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர்.

சேலம், நாமக்கல், ஈரோடு ஆகிய பகுதிகளிலிருந்து லாரித் தொழிலை நம்பி இவ்வூருக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. தந்தை பிறருடைய லாரியை ஓட்டிப் பிழைத்தார். மகனோ சொந்தமாக டிரெய்லர் லாரி வாங்க விரும்புகிறான். விருப்பம் நியாயமானதே. ஆனால் அதற்காக ஊரிலுள்ள நிலமும் வீட்டுப் பெண்களின் நகையும் அடகுக்குப் போகின்றன. முதலில் கண்ணைக் கவரும் இழுவை லாரியை வாங்கி, எஞ்சிய பணத்திற்குக் கிடைத்த பழைய டிரெய்லரை அதனோடு பூட்டுவது என்ற வழக்கம் பெருந்தவறு. சுமை, சாலை, டிரெய்லர், லாரி என்பதே சரியான வரிசை.

டிரெய்லரை லாரியோடு பிணைக்கும் வட்டத் தட்டை ‘ஐந்தாம் சக்கரம்’ என்பர். நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் வைக்கப்பட்ட வளையமே முதலில் இப்பெயர் பெற்றது. 1914-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃபுரூஹாஃப் என்னும் கொல்லர், ஒரு மர வியாபாரியின் படகை ஃபோர்டு காரின் பின்னே இழுத்துச் செல்வதற்காக ஒரு வண்டி செய்து கொடுத்தார். டிரெய்லர்த் தொழில் அவ்வாறு வளரலாயிற்று. அந்நாட்டில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளிலும் ஐந்தாம் சக்கர அமைப்பு உண்டு. வீடாயினும் சரக்காயினும் தேர்ந்தெடுக்கும் விதி ஒன்றே.

முதலாவது, சுமை. 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அரசு எடை வரம்புகளை உயர்த்தியது. நான்கு டயர்கள் கொண்ட ஓர் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 டன் ஆயிற்று. மூன்று அச்சுகள் சேர்ந்த தொகுதிக்கு 24 டன் 27 டன்னாயிற்று. மொத்த எடையின் உச்சவரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னுக்கு உயர்ந்தது. இந்த 55 டன் என்பது சரக்கின் எடையன்று. லாரி, டிரெய்லர், சரக்கு ஆகிய மூன்றும் சேர்ந்த எடை. லாரி 9 டன், டிரெய்லர் 9 டன் என வைத்துக்கொண்டால் சரக்குக்கு எஞ்சுவது 37 டன்னே. மேலும் மொத்த எடை வரம்புக்குள் இருப்பது மட்டும் போதாது. சரக்கு டிரெய்லரின் முற்பகுதியில் குவிந்தால் அந்தப் பாரம் ஐந்தாம் சக்கரத்தின் வழியே லாரியின் பின் அச்சில் இறங்கி, அச்சின் வரம்பை மீறிவிடும். எனவே ஏற்ற நினைக்கும் சரக்கு எது, அது எவ்விடத்தில் எவ்வளவு பாரம் தரும் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கணக்கிட்ட பிறகே கடைவாசலை மிதிக்க வேண்டும்.

இரண்டாவது, சாலை. மைசூரிலிருந்து கோயம்புத்தூருக்கு நேர்வழி சாமராஜநகர், ஆசனூர், திம்பம், பண்ணாரி என்பது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. டிரெய்லர் திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் லாரி சென்ற தடத்திலேயே செல்வதில்லை. உட்பக்கமாக ஒதுங்கி வளைவைக் குறுக்கே வெட்டும். வண்டி நீளுந்தோறும் இது மிகும். 2022-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம், வன விலங்குகளையும் போக்குவரத்தையும் கருதி, பன்னிரண்டு சக்கரங்களுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களை அவ்வழியே விடலாகாது என ஆணையிட்டது. ஆறு சக்கர லாரியோடு இரண்டு அச்சு டிரெய்லரைப் பூட்டினாலே சக்கரங்கள் பதினான்காகிவிடும்! பந்திப்பூர்க் காட்டின் வழியாகக் கூடலூர் செல்லும் சாலையோ 2009-ஆம் ஆண்டு முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை மூடப்படுகிறது. ஆகவே பெரிய டிரெய்லர் வாங்குவோருக்கு எஞ்சிய வழி பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்ற சுற்றுவழியே. அதற்கான டீசலும் சுங்கமும் நாட்களும் வாடகைக் கணக்கில் சேராவிடில், லாபமென்று எண்ணியது நஷ்டமாக முடியும்.

மூன்றாவது, டிரெய்லர். நாற்பதடிக் கன்டெய்னர் ஏற்றுவதற்கென்றே அமைந்த சட்டம் வேறு; இரும்புக் கம்பி ஏற்றும் தட்டையான தளம் வேறு. டிரெய்லரின் அடியில் தொங்கும் ‘கிங் பின்’ என்னும் முளை 50 மில்லிமீட்டர், 90 மில்லிமீட்டர் என இரு அளவுகளில் வருகிறது. லாரியிலுள்ள தட்டின் பூட்டு அதே அளவுக்குரியதாக இருத்தல் வேண்டும். பழைய டிரெய்லரானால் முளை தேய்ந்திருக்கிறதா, சட்டத்தில் வெடிப்பை மறைத்துப் பற்றவைத்திருக்கிறார்களா என்று தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பார்க்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு; இன்ஷூரன்ஸ் இரண்டிற்கும் இருத்தல் அவசியம்.

நான்காவதாகவே லாரி வருகிறது. டாட்டா லாரிகளின் எண்களைப் பெரும்பாலும் எளிதில் படித்தறியலாம்: 4018 என்றால் ஏறத்தாழ 40 டன், 180 குதிரைத்திறன், 5530 என்றால் 55 டன், 300 குதிரைத்திறன். முன்னதில் டன் ஒன்றுக்கு நாலரைக் குதிரைத்திறன், பின்னதில் ஐந்தரை. நூறடிக்கு ஐந்தடி உயரும் ஏற்றத்தில் 5530 முழுச் சுமையோடு மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏறும். ஐந்தாம் சக்கரம் பின் அச்சுக்குச் சற்று முன்னதாக அமைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அவ்வாறு இருந்தால் பாரத்தில் ஒரு பங்கு முன் அச்சுக்குச் சென்று ஸ்டியரிங் நிலையாக நிற்கும். அச்சுக்குப் பின்னே சென்றால் முன் சக்கரங்கள் இலேசாகி வண்டி சொன்னபடி கேளாது.

இனி, யாவற்றினும் முக்கியமான ஒன்று. வாங்குவோர் அனைவரும் “எவ்வளவு இழுக்கும்?” என்றே கேட்கின்றனர். “எவ்வளவை நிறுத்தும்?” என்று கேட்பவர் சிலரே. 55 டன் வண்டி நூறு மீட்டர் உயரம் இறங்கும்போது பிரேக்குகளே அதனைத் தாங்குமாயின், அங்கே பிறக்கும் வெப்பம் 180 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அத்தனை சூடேறிய பிரேக் டிரம் பிடிப்பை இழந்துவிடும். நாம் செல்லும் சுற்றுவழியிலுள்ள தொப்பூர்க் கணவாய் இதற்குக் கண்கண்ட சாட்சி. டீசல் மிச்சமாகும் என்று கியரை விலக்கி நியூட்ரலில் இறங்கியதால் அங்கே விளைந்த விபத்துகள் பல. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குவதும், எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்துவதும் காப்பாற்றும். லாரி மட்டும் பிரேக் பிடித்து டிரெய்லர் பிடிக்காவிடில், பின்னுள்ள பாரம் முன்னுள்ள லாரியைத் தள்ளிப் பேனாக்கத்தி போல் மடக்கிவிடும். எனவே டிரெய்லரின் காற்றுக் குழாய்கள், வால்வுகள், பிரேக் லைனிங் ஆகியவற்றிற்குச் செலவிடும் பணத்தை வீண் என எண்ணலாகாது.

வாங்கும் நாளில் ஒரு சோதனை செய்க. டிரெய்லரைப் பூட்டியபின் விளக்கைக் கொண்டு அடியில் நோக்கி, முளையைப் பூட்டு முழுதும் கவ்வியிருக்கிறதா, தட்டுக்கும் டிரெய்லருக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவும். வெளிச்சம் தெரிந்தால் பூட்டு சரியில்லை என்று பொருள். பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி லாரியை மெல்ல முன்னே இழுக்கவும். அசையாது நின்றால், அதன் பின்னரே தாங்கு கால்களைத் தூக்கவும். இதற்கு ஐந்து நிமிடங்கள் ஆகும். பாதி வழியில் டிரெய்லர் கழன்றால் போவது சரக்கு மட்டுமன்று. எதிரே வருபவரின் உயிரும் ஆகும்.

தவணை கட்டும் ஐந்தாண்டுகளும் வீட்டில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்போர் உளர். வண்டியின் பளபளப்பு அவர்களுக்குச் சோறு போடாது. ஒவ்வொரு முறையும் அது பத்திரமாகத் திரும்பி வருவதே சோறு போடும். ஆதலின் விலைப்பட்டியலைக் கையிலெடுக்குமுன் சுமையையும் சாலையையும் எழுதிக் கணக்கிடுங்கள். வீட்டாரையும் அருகில் அமர்த்திக்கொண்டு கணக்கிடுங்கள். கணக்கு ஒத்துவராவிடில் சிறிய வண்டியோடு தொடங்குவதில் இழிவொன்றும் இல்லை.