பின்னணி இசை ஏன் இரைச்சலானது?

‘இப்போதைய படங்களில் ஒரே இரைச்சல்’ என்பது பசறைத் தோட்ட லயங்களில் வானொலி கேட்டு வளர்ந்தவர்களின் குறை. அதில் நியாயம் உண்டு.

1976இல் ‘அன்னக்கிளி’யுடன் வந்த இளையராஜா, காட்சியைப் பார்த்தபின் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இசைக்குறிப்பு எழுதினார், கலைஞர்கள் கூடியிருந்து வாசித்தனர். ‘ஹே ராம்’ (2000) இசைக்கு புடாபெஸ்ட் இசைக்குழுவை நாடினார்.

இன்று பதிவுசெய்த வயலின் ஒலிகளைக் கணினியே அடுக்கித் தருகிறது. செலவு குறைவு. ஆனால் வேறொரு படத்தின் இசையைத் தற்காலிகமாக வைத்துக் காட்சியைத் தொகுத்துவிட்டு, ‘இதைப்போலவே வேண்டும்’ எனக் கேட்கும் வழக்கம் எல்லா இசையையும் ஒரே அச்சில் வார்க்கிறது.

பழி கணினிமீது அல்ல. யோசிக்க நேரம் தராத அவசரத்தின்மீது. போர்க் காட்சியில் இந்த வித்தியாசம் நன்கு தெரியும். ஷெல் விழுந்தபின் வரும் அமைதியை அறிந்தவர்களுக்கு, அந்த இடத்தில் முழங்கும் நூறு வயலின்கள் பொய்யாகவே கேட்கும்.