எண்ணைக் கணினி போடட்டும், கண்ணை நாம் வைப்போம்!

ஆலயத் திருவிழாவுக்கு மாவட்ட அலுவலகத்தின் அனுமதி வேண்டும். தமிழ்ப்பள்ளியின் கூரை ஒழுகுகிறது. தோட்டத்துச் சாலைக்கு விளக்கு வேண்டும். எதற்கும் ஒரு கடிதம் எழுதியாக வேண்டும். குளுவாங்கானாலும் சிகாமட்டானாலும், கூலாயானாலும் மாசாயானாலும், அந்தக் கடிதத்தை எழுதும் பொறுப்பு சங்கச் செயலாளர் தலையிலோ, வீட்டில் கணினி தெரிந்த பிள்ளையின் தலையிலோதான் விழுகிறது.

கடிதத்தின் விஷயம் எல்லாருக்கும் தெரியும். ஆனால், பத்தியின் இடப்பக்கத்தில் நிற்கிறதே ஒரு சின்ன எண், அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அந்தச் சின்ன எண்ணுக்குள் எத்தனை பெரிய காரியம் இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இரண்டில் தொடங்கும் கடிதம்

நம் நாட்டில் மலாய் மொழியில் எழுதப்படும் அதிகாரபூர்வக் கடிதங்களுக்கு ஒரு மரபு உண்டு. முதல் பத்திக்கு எண் கிடையாது. இரண்டாம் பத்தி 2 என்ற எண்ணுடன் தொடங்கும். அடுத்தது 3, அதற்கடுத்தது 4. எண்ணுக்குப் பிறகு வரும் வாசகத்தின் இரண்டாவது வரி மறுபடியும் இடப்பக்க ஓரத்துக்கே வந்துவிடும். கடைசியில் வரும் 'செக்கியான், தெரிமா காசே' என்ற நன்றி வரிக்கும் எண் கிடையாது.

இந்த எண்ணால் என்ன பயன்? பதில் எழுதுகிற அதிகாரி, 'தங்கள் கடிதத்தின் 3ஆம் பத்தியில் கேட்டது பற்றி' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நாமும் அந்தப் பத்தியை விரல் வைத்துக் காட்டலாம். பேச்சு வழுக்கிப் போகாமல் பிடித்து நிறுத்துகிற முளைக்குச்சி அது.

டைப்ரைட்டர் காலத்தில் இதில் சிக்கல் எழவில்லை. 2 என்று தட்டினால் 2 விழும்; அவ்வளவுதான். மைக்ரோசாப்ட் வேர்ட் என்ற எழுத்துச் செயலி 1983இல் வெளிவந்தது. பின்னாளில் வந்த அதன் பதிப்புகள், நாம் கேட்காமலே எண் போடப் பழகிக்கொண்டன. எண்ணைத் தட்டிப் புள்ளி வைத்தால், 'ஓ, இவர் பட்டியல் போடுகிறார்' என்று கணினி தானாகவே முடிவு செய்துவிடுகிறது. வரியை உள்ளே தள்ளுகிறது. என்டர் தட்டினால் அடுத்த எண்ணை நீட்டுகிறது. கடைசியில் 'செக்கியான், தெரிமா காசே' வரிக்கும் ஓர் எண்ணைச் சூட்டி அனுப்பி வைக்கிறது! எண் போடும் பொத்தானை அழுத்தினாலோ, 2 வர வேண்டிய இடத்தில் 1 வந்து உட்காருகிறது.

இது கடிதத்தின் அழகைக் கெடுக்கிற தொல்லை. சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஆனால், சிரித்துவிட முடியாத இடமும் ஒன்று உண்டு.

வரிசை எண்ணா, பெயர் எண்ணா?

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெரட்டுக்களம் மறந்திருக்காது. விடியற்காலையில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஐந்தாவதாக நின்றவர் போய்விட்டால் ஆறாவது ஆள் ஐந்தாவது ஆளாவார். அது வரிசை எண். ஆள் நகர நகர எண்ணும் நகரும்.

அடையாள அட்டை எண் அப்படிப்பட்டதா? ஒருவர் காலமாகிவிட்டார் என்பதற்காக அவருடைய எண்ணை அடுத்தவருக்கு யாராவது கொடுப்பார்களா? மாட்டார்கள். அது பெயர் எண். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அவருக்கே உரியது.

கணினிக்குத் தெரிந்தது பெரட்டு எண் மட்டுமே. ஒரு பத்தியை நீக்கினால், கீழே உள்ளவற்றையெல்லாம் ஒரு படி மேலே ஏற்றிவிடும். ஆனால் சட்டத்திலும் சங்க விதிகளிலும் உள்ள எண்கள் அடையாள அட்டை எண்ணைப் போன்றவை. கோளாறு பிறப்பது இங்கேதான்.

சட்டம் சொல்லும் பாடம்

எழுதப்பட்ட சட்டம் ஜொகூருக்குப் புதிதன்று. மலாய் மாநிலங்களிலேயே முதன்முதலில் எழுத்து வடிவில் அரசியலமைப்பைப் பெற்ற மாநிலம் இதுதான். ஆண்டு 1895, வழங்கியவர் சுல்தான் அபு பாக்கார்.

இன்று நம் மக்கள் அதிகமாக உச்சரிக்கும் சட்ட எண் ஒன்று இருக்கிறது. அது கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ விதி. சிறப்பான சூழ்நிலைகளில் சிறு வயதினரைக் குடிமக்களாகப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிற விதி அது. பிறப்புப் பதிவில் நேர்ந்த குறையால் குடியுரிமை இல்லாமல் தவிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு '15ஏ' என்றாலே போதும், விளக்கம் வேண்டியதில்லை.

அதென்ன 15ஏ? 15க்கும் 16க்கும் இடையில் ஒரு புதிய விதியை 1962இல் நுழைத்தார்கள். அப்போது அதற்கு 16 என்று பெயரிட்டு, பழைய 16ஐ 17 ஆக்கி, எல்லாவற்றையும் கீழே தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுவரை எழுதிய கடிதங்கள், விண்ணப்பங்கள், தீர்ப்புகள் எல்லாம் வேறு விதியைச் சுட்டத் தொடங்கியிருக்கும். ஆகவேதான் 15ஐயும் 16ஐயும் தொடாமல், நடுவில் 15ஏ என்று வைத்தார்கள்.

நீக்கும்போதும் அதே கவனம்தான். அதே அரசியலமைப்பில் 17ஆம் விதியைத் தேடிப் பாருங்கள். 'நீக்கப்பட்டது' என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். உள்ளே ஆள் இல்லை. ஆனால் வீட்டு எண் அப்படியே இருக்கிறது. 18 என்பது 18ஆகவே நிற்கிறது.

நம் தமிழறிஞர்களுக்கும் இந்த நுட்பம் தெரிந்தே இருந்தது. உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சேற்றிய புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. அதற்காக யாரும் 269ஆம் பாடலை 267 என்று மாற்றிவிடவில்லை. இரண்டு எண்களும் வெறுமையாகவே நிற்கின்றன. அந்த வெறுமைதான், 'இங்கே இரண்டு பாடல்கள் இருந்தன' என்று நமக்குச் சாட்சி சொல்கிறது. கணினி எண் போட்டிருந்தால் அந்த இழப்பின் தடயமே மறைந்திருக்கும்!

ஓர் ஆலயச் சங்கத்தின் கதை

ஒரு கற்பனையைப் பாருங்கள். ஓர் ஆலயச் சங்கம். அதன் 8ஆம் விதி, 'நீக்கப்பட்ட உறுப்பினர் பதினான்கு நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்' என்கிறது. 12ஆம் விதி, 'செயற்குழு ஒருவரை நீக்கினால், 8ஆம் விதிப்படி அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும்' என்கிறது. ஆண்டுக்கூட்டத்தில், பயனற்றுப் போன 5ஆம் விதியை நீக்க முடிவாகிறது. செயலாளர் கணினியில் அந்தப் பத்தியை அழிக்கிறார்.

கணினி தன் வேலையைச் செய்துவிட்டது. 8 ஏழாகிவிட்டது, 9 எட்டாகிவிட்டது. பழைய 9 எதைப் பற்றியது? வங்கிக் காசோலையில் யார் கையெழுத்திடுவது என்பதைப் பற்றியது. ஆனால் வாசகத்துக்குள்ளே கையால் தட்டிய '8ஆம் விதிப்படி' என்ற சொல் மாறவே இல்லை. அடுத்த ஆண்டு நீக்கப்படும் உறுப்பினர் நியாயம் கேட்டு வருகிறார். அவருக்கு விதி சுட்டிக்காட்டும் இடத்தில் காசோலைதான் இருக்கிறது!

பழைய கூட்டக் குறிப்புகளோ, எந்தக் கணினியாலும் இனி மாற்ற முடியாத தாள்கள். அவற்றிலும் பழைய எண்தான். போதாக்குறைக்கு, 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, விதித் திருத்தத்துக்குச் சங்கப் பதிவகத்தின் ஒப்புதல் வேண்டும். பதிவகத்தில் உள்ள பிரதியில் ஓர் எண், கையிலுள்ள பிரதியில் வேறோர் எண் என்றால், சண்டைக்கு வேறு காரணமே தேவையில்லை.

கைகண்ட வழிகள்

கணினியை ஒதுக்கி வைக்கச் சொல்லவில்லை. அதை வேலை வாங்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

கடிதத்தில் வேண்டாத எண் முளைத்ததும் கண்ட்ரோல் விசையையும் இசட் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். கணினி செய்த மாற்றம் போய், நீங்கள் தட்டிய எண் மட்டும் நிற்கும். அடியோடு நிறுத்த வேண்டுமானால் ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று வரிசையாகச் சென்று, 'ஆட்டோஃபார்மேட் அஸ் யூ டைப்' பக்கத்தில் தானியங்கி எண் பட்டியலுக்கான குறியை எடுத்துவிடுங்கள்.

ஒரே எண்ணின் கீழ் புதிய வரி வேண்டுமா? ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு என்டர் தட்டுங்கள். அடுத்த எண் வராது.

புதிதாக விதிகளை வரைகிற கட்டத்தில் கணினி எண்ணே நல்லது. ஆனால் '8ஆம் விதிப்படி' என்று எழுத நேரும்போது 8 என்று தட்டாதீர்கள். ரெபரென்சஸ் பகுதியிலுள்ள குரோஸ் ரெபரென்ஸ் வழியாக அந்த விதியைத் தேர்ந்தெடுத்துச் சேருங்கள். எல்லாம் முடிந்த பிறகு கண்ட்ரோல்-ஏ, பிறகு எஃப்9. சுட்டிய எண்களெல்லாம் சரியாகிவிடும். சுட்டிய விதியையே யாராவது அழித்திருந்தால் அங்கே 'எரர்' என்று கணினி கூச்சலிடும். கோபப்படாதீர்கள், நன்றி சொல்லுங்கள்!

விதிகள் ஒப்புதல் பெற்ற பிறகு சட்டம் காட்டும் வழியே வழி. விதியை நீக்கினால் பத்தியை அழிக்காமல், அதிலுள்ள வாசகத்தை மட்டும் எடுத்துவிட்டு 'நீக்கப்பட்டது' என்று எழுதுங்கள். எண் அசையாது. புதிய விதி நடுவில் வந்தால் அதற்குக் கணினி எண் போடாமல் '8ஏ' என்று கையால் தட்டுங்கள்.

அன்பு வாசகர்களே! படிப்பு குறைவாக இருந்த காலத்தில் நம் பெரியவர்கள் கைநாட்டு வைத்த தாள்களில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே ஏமாந்ததுண்டு. இன்று எழுதுவதும் நாம், தட்டுவதும் நாம். கையெழுத்திடுவதற்கு முன் ஒருமுறை இடப்பக்க ஓரத்தை மேலிருந்து கீழாகப் பாருங்கள். எந்த எண் எதைச் சுட்டுகிறது என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடம், ஒருவருடைய உரிமை இடம் மாறிப் போகாமல் காத்துவிடும்.