ஊதாதீங்க பெரியப்பா, உறிஞ்சுங்க

தை மாசக் கடைசியில ஆரணி போயிருந்தேன். பெரியப்பா வீட்டு முன்கூடத்துல குழித்தறி, மேல பழைய வேட்டி போட்டு மூடிக் கிடந்தது. முகூர்த்த சீசன்ல அந்தத் தறி சும்மா கிடந்து நான் பார்த்ததே இல்லை.

பெரியப்பாவுக்கு 71 வயசு. ரெண்டு மாசம் முன்னாடி பித்தப்பைக் கல்லுக்கு வயித்தைத் திறந்து ஆபரேஷன் பண்ணாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது மூணு பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில கொடுத்து "தினமும் பண்ணுங்க ஐயா"ன்னு சொல்லியிருக்காங்க. எப்படிப் பண்றதுன்னு யாரும் கூட நின்னு காட்டல.

"நானும் தினம் ஊதி ஊதிப் பாக்கறேன்பா. ஒரு பந்துகூட நவுரல. நுரையீரல் போயிடுச்சு போல. இனிமே தறியில எங்க உக்கார்றது?"

ஊதிக் காட்டச் சொன்னேன். கன்னம் உப்ப, கண்ணு பிதுங்க ஊதினார். பந்து அசையல. அசையாது. அந்தக் கருவி ஊதுறதுக்கு இல்லை, உள்ளே இழுக்குறதுக்கு. இழுத்தாதான் குழாய்க்குள்ள அழுத்தம் குறைஞ்சு பந்து மேல ஏறும். நுரையீரல் நல்லா இருக்குற இருபது வயசுப் பையன் ஊதினாலும் அது அப்படியேதான் கிடக்கும்.

"பெரியப்பா, இளநியில ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற மாதிரி இழுங்க."

முதல் பந்து ஏறிச்சு. சமையல்கட்டுல இருந்து எட்டிப் பார்த்த பெரியம்மா, "ரெண்டு மாசமா இதுக்காடா மனுசன் சோறு எறங்காம உக்காந்திருந்தாரு"ன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி இதைப் பத்தித் தேடிப் படிச்சதோட குறிப்புதான் கீழே.

பந்து எத்தனை என்பதில்லை, எவ்வளவு நேரம் என்பதுதான்

இந்த மூணு பந்து கருவிக்கு இன்சென்டிவ் ஸ்பைரோமீட்டர்னு பேர். இது காற்று ஓடும் வேகத்தைக் காட்டும். வழக்கமா இதுல அச்சடிச்சிருக்கிற எண்கள் 600, 900, 1200. விநாடிக்கு 600 மில்லி வேகத்துல இழுத்தா முதல் பந்து, 900-க்கு ரெண்டாவது, 1200-க்கு மூணாவது.

பல பேர் மூணு பந்தையும் ஒரே மூச்சுல வெடுக்குனு தூக்கிட்டா ஜெயிச்சுட்டோம்னு நினைக்கிறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. மூணையும் அரை விநாடி தூக்கினா உள்ளே போனது சுமார் 600 மில்லி. முதல் பந்தை மட்டும் 3 விநாடி நிறுத்தினா 1800 மில்லி. ஆபரேஷனுக்கு அப்புறம் தேவைப்படுவது ரெண்டாவதுதான். வலிக்குப் பயந்து மேல் மூச்சாவே விட்டுக்கிட்டிருந்தா நுரையீரலின் அடிப்பகுதி காற்றறைகள் மூடிக்கும், சளி தேங்கும், நிமோனியா வரலாம். அவற்றை மெதுவான, ஆழமான மூச்சுதான் திறக்கும்.

ஆனா இந்தக் கருவியைப் பெரிய மருந்தா நினைச்சுடக் கூடாது. மேல் வயிற்று அறுவைக்குப் பின் இதைக் கொடுத்த 12 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2014-ல் தொகுத்துப் பார்த்தது. இதனால் தனியாக நுரையீரல் சிக்கல் குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சீக்கிரம் எழுந்து நடப்பதும், ஆழமாக மூச்சு விடுவதும், இருமிச் சளியை வெளியேற்றுவதும்தான் அடிப்படை. அதை மறக்காமல் செய்ய வைக்கிற ஒரு பொம்மைன்னு இதை வெச்சுக்கலாம்.

தசைக்குப் பயிற்சி என்பது வேறு

மூச்சை உள்ளே இழுக்கும் வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துக்கு. அதுவும் தசைதான், வயசானா தளரும். ஆரோக்கியமான முதியவர்களிடம் 1990-களில் அளந்து பார்த்ததில், அளக்கும் முறையைப் பொறுத்து, இளைஞர்களைவிட 13 முதல் 25 சதவீதம் வரை வலு குறைவாக இருந்தது. விலா எலும்புகளை இணைக்கும் குருத்தெலும்பும் இறுகிப்போகும். முதுகு கூன் விழுந்தால் மார்புக்கூடு விரிய இடமும் குறையும். படமரத்தின் மேல் குனிந்தே ஐம்பது வருஷம் உட்கார்ந்த பெரியப்பாவின் முதுகை நினைச்சுக்கிட்டேன்.

தசை வலுவாகணும்னா சுமை வேணும். பெரிய ஜக்கார்டு பெட்டி மாட்டின தறியில மிதி கனமா இருக்கும், மிதிச்சு மிதிச்சு கால் உரம் ஏறும். மூச்சுத் தசைக்கு அந்தச் சுமையைக் கொடுக்கும் கருவி தனி. உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு ஒன்று இருக்கும். வைத்திருக்கும் அழுத்தத்தைத் தாண்டி இழுத்தால்தான் அது திறக்கும். சில ஆயிரம் ரூபாய் ஆகும். மூணு பந்து கருவியில் அந்த அளவு சுமை கிடையாது.

இந்தச் சுமைப் பயிற்சிக்கு நல்ல ஆதாரம் ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் இருக்கிறது. நெதர்லாந்தில் இதய பைபாஸ் அறுவைக்குக் காத்திருந்த, நுரையீரல் சிக்கல் வர வாய்ப்பு அதிகமுள்ள 279 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006-ல் ஜாமா இதழில் வந்தது. குறைந்தது 2 வாரம், தினம் 20 நிமிடம் பயிற்சி செய்தவர்களில் 6.5 சதவீதம் பேருக்கு நிமோனியா. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 16.1 சதவீதம். பெரிய வித்தியாசம். "ஆபரேஷனுக்கு முன்னாடி மூச்சுப் பயிற்சி உண்டா"ன்னு டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. எங்க வீட்டில் கேட்கத் தோணல.

இன்னொன்று, 2021-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தது. 50 முதல் 79 வயது வரை, மேல் ரத்த அழுத்தம் 120-க்கு மேல் இருந்த 36 பேர். தினம் 30 மூச்சு, வாரம் 6 நாள், 6 வாரம். ஒருவரின் உச்ச இழுவலுவில் 75 சதவீதம் சுமை. நேரம் 5 நிமிடம்தான் ஆகும். மேல் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது. பயிற்சியை நிறுத்தி 6 வாரம் கழித்தும் அந்தப் பலனில் நாலில் மூணு பங்கு மிச்சமிருந்தது. ரத்தக் குழாய்கள் விரியும் திறன் கூடியதும் ஒரு காரணம் என்கிறார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 36 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதில் குழித்தறியில் வாழ்நாளைக் கழித்த ஒருவரும் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் பிபி மாத்திரையை நிறுத்திடாதீங்க. முன்பு நுரையீரல் சுருங்கி மார்புக்கூட்டில் காற்று புகுந்தவர்கள், செவிப்பறை கிழிந்தவர்கள், விலா எலும்பு முறிந்தவர்கள், கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்கள் சுமைக் கருவியைத் தானாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது. டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேட்ட பிறகுதான்.

நாங்கள் செய்தது

புதுக் கருவி எதுவும் வாங்கல. நாற்காலியில் நிமிர்ந்து உட்காரணும். மூச்சை இயல்பா வெளியே விட்டு, உதட்டை இறுக்கி, மெதுவா இழுத்து ஒரு பந்தை நிறுத்தணும். உள்ளேயே 3 எண்ணும் வரை பிடிச்சு விடணும். ஒரு தடவைக்கு 10 மூச்சு, நடுவுல ஓய்வு. தலை சுத்தினாலோ விரல் மரத்தாலோ நிறுத்திடணும், வேகமா விடுறோம்னு அர்த்தம். காலையும் மாலையும் தெருக்கோடி வரை நடை. இவ்வளவுதான். அவரைப் பார்த்த டாக்டரிடம் போனில் சொல்லி, சரின்னு வாங்கிக்கிட்டோம்.

போன வாரம் பெரியப்பா கூப்பிட்டார். முதல் பந்து இப்போ நாலு எண்ணும் வரை நிக்குதாம். காலையில ஒரு மணி நேரம் தறியில உக்கார்றாராம். இதுல கருவியோட பங்கு எவ்வளவு, புண் தானா ஆறினது எவ்வளவு, உள்ளே ஒண்ணும் போயிடலைன்னு தெரிஞ்ச தெம்பு எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது.

உங்க வீட்டு அலமாரியிலயும் ஒரு மூணு பந்து கிடக்கலாம். அப்பாவையோ அம்மாவையோ ஒரு தடவை பண்ணிக் காட்டச் சொல்லுங்க. ஊதுறாங்களா, உறிஞ்சுறாங்களான்னு மட்டும் பாருங்க.