இரண்டாவது கூலன்ட் போத்தல்

கம்பளையிலிருந்து புஸல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் ஹைப்ரிட் கார்கள் பொனட் திறந்தபடி ஓரமாக நிற்பதுண்டு. "என்ஜின் சூடாகிட்டு சேர்" என்பார்கள். மச்சானின் பழைய பிரியஸும் ஒருநாள் அப்படித்தான் நின்றது. ஆனால் என்ஜின் ரேடியேட்டரில் தண்ணீர் நிறைந்திருந்தது. குறை வேறிடத்தில்.

பெட்டரி தருவது நேரோட்டம். மோட்டாருக்கு வேண்டியது ஆடலோட்டம். மாற்றிக் கொடுப்பது இன்வர்டர். (தமிழ் படித்தவன் ஒரு கலைச்சொல் தேடலாம், கராஜில் அது செல்லாது.) அதனுள் இருக்கும் சிறு சிலிக்கன் துண்டுகள் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்னைத் திறந்து மூடும்போது கொஞ்சம் சக்தி வெப்பமாகக் கழியும். நூற்றுக்கு மூன்று என்றே வைப்போம். ஏற்றத்தில் 60 கிலோவாட் இழுத்தால் 1.8 கிலோவாட் சூடு. தேத்தண்ணிக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்தல் ஒன்றின் சூடு அது. உள்ளங்கையளவு இடத்திலிருந்து வெளியேற வேண்டும். அந்தத் துண்டுகளோ 150, 175 பாகை செல்சியஸுக்கு மேல் தாங்கா.

"நுவரெலியாக் குளிருக்கு என்ன சூடு?" என்று கேட்கலாம். குளிர் உதவும்தான். ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் காற்று கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறிலொரு பங்கு மெலிது. ஏற்றத்தில் மெதுவாகப் போகும் காருக்கு எதிர்க்காற்றும் குறைவு. அதே கனவளவு தண்ணீர் காற்றைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல் சூட்டை ஏந்தும். ஆகவே துண்டுகளுக்குக் கீழே கூலன்டை ஓடவிட்டு, முன்னாலுள்ள ரேடியேட்டரில் ஆறவைக்கிறார்கள். இறக்கத்திலும் ஓய்வில்லை, மோட்டார் மின்பிறப்பாக்கியாகிப் பெட்டரிக்கு அனுப்பும் மின்னும் இன்வர்டர் வழியேதான் போகிறது. என்ஜினே இல்லாத நிசான் லீஃபின் முதல் இரு தலைமுறைகளில் பெட்டரிக்குக் கூலன்ட் கிடையாது, இன்வர்டருக்கு உண்டு.

மச்சானின் காரைப் போன்ற இரண்டாம் தலைமுறை பிரியஸில் இந்தச் சுற்றுக்குத் தனிப் போத்தல், தனி மின் பம்ப். அந்தப் பம்ப் பழுதாவதால் 2012 நவம்பரில் டொயோட்டா உலகெங்கும் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஹைப்ரிட் கார்களைத் திருப்பியழைத்தது. 2014இல் வேறு காரணம்: மென்பொருள் அமைப்பால் இன்வர்டர் துண்டுகள் மிகையாகச் சூடேறலாம் என்று 19 இலட்சம் பிரியஸ் கார்கள்.

தோட்டத்திலிருந்து இரவில் நோயாளியை ஏற்றிவரும் ஹயர்காரர்கள் இந்தப் போத்தலைப் பார்ப்பதில்லை. பல கராஜ்களும் அப்படித்தான். குறைந்தால் குழாய்த்தண்ணீர் ஊற்றக்கூடாது. அதிலுள்ள உப்புகள் ஒடுங்கிய வழிகளில் படியும். உரிய கூலன்டை, கார் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். செம்மஞ்சள் வயரில் கை வைக்கவே கூடாது.

நிறைந்திருந்தால் மட்டும் போதாது. கியரைப் பார்க்கிங்கில் வைத்து 'ரெடி' விளக்கு எரியும்போது எட்டிப் பார்த்தால் போத்தலுக்குள் நீர் சுழல்வது தெரியும். மச்சானின் காரில் அது நிறையவே இருந்தது. ஆனால் குட்டைத் தண்ணீர்போல் அசையாமல் கிடந்தது.