துடுப்பில்லாத ஒன்பதாமவர்

எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் படகில் ஒன்பதாவதாக ஒருவர் உண்டு. வலிப்பவர்கள் எல்லாரும் படகின் பின்புறம் பார்த்து உட்கார்ந்திருக்க, போகும் திசையைப் பார்ப்பவர் அவர் மட்டுமே. சுக்கான் கயிறு அவர் கையில். எதிரணி எவ்வளவு நெருங்கிவிட்டது, எப்போது வேகம் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் மற்றவர்களுக்கு அவர் குரல் வழியாகத்தான் தெரியும். அவரே காக்ஸ்வைன்.

கனடாவின் லெஸ்லி தாம்சன்-வில்லி எட்டு ஒலிம்பிக்குகளில் இந்த இருக்கையில் அமர்ந்தவர். 1959இல் டொராண்டோவில் பிறந்தார். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நால்வர் படகில் வெள்ளி. அப்போது பெண்களுக்குப் பந்தயத் தூரம் 1000 மீட்டர், ஆண்களுக்கோ 2000. பெண்களின் வலிமையை இப்படிப் பாதியாக அளந்தது அநியாயம்தான். 1988 ஒலிம்பிக்கில் அது 2000 மீட்டரானது. காக்ஸ்வைன்களும் அணியின் பலத்தை இரு மடங்குத் தூரத்துக்குப் பங்கிடப் பழக வேண்டியிருந்தது.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், பன்யோலெஸ் ஏரியில், எண்மர் படகில் தங்கம். ருமேனியாவுக்கு வெள்ளி. பிறகு 1996இல் வெள்ளி, 2000இல் வெண்கலம்.

2008இல் மீண்டும் வந்தார், நான்காமிடம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு அடுத்து வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 52. அவர் முதல் பதக்கம் வென்ற ஆண்டில் அந்தப் படகின் சில வீராங்கனைகள் பிறந்திருக்கவே இல்லை. அவர்கள் அனைவரும் அவர் குரலுக்கே துடுப்பு வலித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ரியோவிலும் கனடாவின் எண்மர் படகை அவரே செலுத்தினார்.