குலை விழுந்த வயல்: அன்றும் இன்றும்

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்துச் சம்பா வயலில் வெயில் ஏறும் வரை இலை காய்வதில்லை. குலைநோய்க்கு அந்த ஈரம் போதும். முதலில் இலையில் கண் போன்ற புள்ளி: நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. அதோடு நின்றால் தப்பித்தோம். கதிரின் கழுத்துக்கு வந்துவிட்டால் மணி பிடித்துத் தலை சாய வேண்டிய கதிர் வெளுத்து நிமிர்ந்து நிற்கும். உருவிப் பார்த்தால் பதர்.

1919-இல் தஞ்சை டெல்டாவை இந்த நோய் சூறையாடியது. இந்தியாவில் குலைநோயைப் பெரிதாக எடுத்துக்கொண்டது அதன் பிறகுதான். காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். சுற்றிலும் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் ஜில்லா. எல்லைக்கல் வரிக்கும் சாராயத்துக்கும் சரி. காற்றில் வரும் குலைநோய்ப் பூசணத்தின் வித்துக்கு ஏது எல்லை?

அன்றைய ஆராய்ச்சியாளர்கள் நெல்லைத்தான் பார்த்தார்கள். மற்ற ரகங்கள் படுத்தபோது எது நிற்கிறது என்று தேடினார்கள். கோயம்புத்தூர் ரகமான கோ 4 நின்றது. நோய் தாங்காத ஆடுதுறை 10-உடன் அதைக் கலந்து கோ 25, கோ 26 ரகங்களை எடுத்தார்கள். கோ 4 ஏன் நின்றது? அதைத் தெரிந்துகொள்ளாமலே வேலை நடந்தது.

இன்று பார்வை பூசணத்தின் மேல். அதன் மரபணுத் தொகுதி 2005-இல் வெளியானது: 7 குரோமோசோம், ஏறத்தாழ 11,000 மரபணுக்கள். வித்து இலையில் ஒட்டி முளைக்கிறது. முளையின் நுனி குமிழாக உப்புகிறது. குமிழின் சுவரில் மெலனின் என்ற கறுப்பு நிறமி படிகிறது. உள்ளே ஏறும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல் சுமார் 40 மடங்கு. அந்த விசையில்தான் இலைத்தோல் துளைபடுகிறது. டிரைசைக்ளசோல் மருந்து தடுப்பது அந்த மெலனினைத்தான். பூசணம் உள்ளே நுழைந்த பிறகு தெளித்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

நுழைந்ததும் நெல்லின் தற்காப்பை அமுக்கச் சில புரதங்களை அது அனுப்புகிறது. அவற்றில் ஒன்றை நெல் அடையாளம் கண்டுகொண்டால், தொற்றிய இடத்துச் செல்களைத் தானே சாகவிட்டு நோயை அங்கேயே மடக்கிவிடும். அப்படி அடையாளம் காட்டும் பூசண மரபணு ஒன்றுக்கு நம்மூர் நெல்லின் பெயர்: ஏவிஆர்1-கோ39. புல் ஒன்றைத் தாக்கும் பூசண வகையில் அது இருக்கிறது. அந்த வகையைக் கோ 39 விரட்டிவிடும். நெல்லைத் தாக்கும் வகைகளில் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு இல்லை. அதனால் அதே கோ 39 அவற்றிடம் சுலபமாக விழும். விழுவதாலேயே உலக ஆய்வுக்கூடங்களில் அதற்குப் பெயர். கோயம்புத்தூருக்கு இப்படியும் ஒரு புகழ்!

ஒரே ஓர் எதிர்ப்பு மரபணுவை நம்பிய ரகம் ஏன் சில போகத்தில் தோற்கிறது என்பதும் இதில் விளங்குகிறது. காட்டிக்கொடுக்கும் மரபணுவைப் பூசணம் உதறிவிட்டால் நெல்லுக்கு ஆள் தெரியாது. ஆகவே இப்போது இரண்டு மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஒரே ரகத்தில் அடுக்குகிறார்கள்.

பக்கத்துச் செருமாவிலங்கையில் 1987 முதல் வேளாண் கல்லூரி இருக்கிறது. 1919-இல் அறிந்திராத பூசணத்தின் குரோமோசோம் கணக்கெல்லாம் இன்று நடவு வயலுக்குக் கூப்பிடு தூரத்தில் பாடம். வயலிலோ, யூரியா தூக்கலாக விழுந்து கருகருவென்று நிற்கும் மூலையில்தான் இன்றும் முதல் புள்ளி தெரிகிறது.