அப்பத்தாவின் கையும் ஆமத்தூர் ரோடும்

ஆமத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பத்து வருஷம் ஓடிய அவருடைய கார் சிவகாசி ரோட்டில் படகுபோல ஆடுகிறதாம். கெட்டியான ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் வாங்கி வீட்டிலேயே மாட்டிவிடலாமா, இல்லை கோவைப் பக்கம் இதற்கென்றே இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் கடையில் விடுவதா என்று கேட்கிறார். யார் மாட்டுவது என்பது இருக்கட்டும். எதை மாட்டுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

நம் வீடுகளில் உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, சேலையில் தொட்டில் கட்டுவோம். பிள்ளையைக் கிடத்தி ஒருமுறை இழுத்துவிட்டால் வெகுநேரம் துள்ளும். வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஸ்பிரிங்குக்குத் தெரியும். துள்ளலை அடக்குவது அப்பத்தாவின் கை. அந்தக் கைதான் காரில் ஷாக். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். பெயரைத் தட்டிக்கொண்டு போனது ஷாக் அப்சார்பர்.

அதன் உள்ளே எண்ணெயில் மூழ்கிய ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சிறு துளைகள். துளைகளின் வாயில் காகிதம்போல மெல்லிய எஃகு வட்டுகள் அடுக்கியிருக்கும். கார் மெல்ல அசைந்தால் எண்ணெய் ஓரமாக நழுவிப் போகும். சக்கரம் பள்ளத்தில் விழுந்து வேகமாக அசைந்தால் எண்ணெய் வழி போதாமல் முட்டும். வட்டு வளைந்து, முட்டிய அளவுக்கு மட்டும் வழிவிடும். துள்ளலில் இருந்த சக்தி எண்ணெயின் சூடாக மாறிவிடும். அப்பத்தாவைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: தொட்டில் இறங்கும்போது கை லேசாகக் கூடவே போகும், எகிறும்போது இறுக்கிப் பிடிக்கும். ஷாக்கும் அப்படியே. அமுங்கும்போது இளக்கம், விரியும்போது இறுக்கம். வெகுநேரம் ஆட்டினால் கை சோர்வதுபோல, குண்டும் குழியுமான ரோட்டில் எண்ணெய் சூடேறி இளகும், நுரைக்கும்; பிடி தளரும். நுரையைத் தடுக்கத்தான் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைக்கிறார்கள். அப்பத்தாவுக்கு நடுவில் ஒரு காப்பி கொடுப்பதுபோல.

இப்போது ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவோம். கம்பியின் விட்டம் 12 மி.மீ.யிலிருந்து 13 ஆனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப ஏறுவதால், அந்த ஒரு மில்லிமீட்டரில் ஸ்பிரிங் 38 சதவீதம் கெட்டியாகிவிடும். ஆறு சுற்றில் ஒரு சுற்றை வெட்டி எறிந்தால் 20 சதவீதம். சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரும், கடைக்காரர் அதை எந்தப் பெயரில் விற்றாலும், சுற்றுகள் சிலவற்றைச் செயலிழக்கச் செய்து இதே வேலையைத்தான் பார்க்கிறது. பிடித்து அடக்கும் கையோ பழைய அப்பத்தாவின் கைதான்.

இதோடு ஆமத்தூர் மண்ணைச் சேர்த்துப் பாருங்கள். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலே போட்ட ரோடு நாளடைவில் அலை அலையாகிவிடும். 12 மீட்டருக்கு ஓர் அலை என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் காரின் உடல் தன் ஸ்பிரிங்மேல் வினாடிக்குச் சுமார் 1.3 தடவை ஆடும் இயல்புடையது. மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் போனால் ரோடும் அதே தாளத்தில் தள்ளும். சரியான நேரத்தில் தள்ளத் தள்ள ஊஞ்சல் ஏறுகிறதே, அதேதான். ஸ்பிரிங்கை 38 சதவீதம் கெட்டியாக்கினால் காரின் இயல்பு 1.5-க்குப் போகும். ஆட்டம் நின்றுவிடாது, 66 கி.மீ. வேகத்துக்கு இடம் மாறும். அதே ஆட்டம், கூடுதல் வேகத்தில், முன்பைவிடப் பற்றாத பிடியோடு. ஆகவே வாசகரின் கார் படகாக ஆடுகிறதென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஷாக்கைத்தான். ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம்.

கெட்டி ஸ்பிரிங் மோகம் பந்தயத்திலிருந்து வந்தது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளம், 1990-இல் வந்த இருங்காட்டுக்கோட்டைத் தடம், மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா கார் செய்த கோவை கரிவர்தன், அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் தடம் என்று நமக்கும் ஒரு மரபு உண்டு. அங்கே தடத்துக்குத் தடம் ஸ்பிரிங்கை மாற்றுவார்கள், ஏனென்றால் தடம் அவர்களுக்கு அத்துப்படி. விருதுநகரில் ஏறி சிவகாசியில் இறங்குகிறவருக்கு வேகத்தடையும் ஒட்டுப்போட்ட தாரும்தான் தடம்.

நல்ல பெர்ஃபார்மன்ஸ் கடையின் மதிப்பு அதன் அளவுகோலில் இருக்கிறது. ஷாக்கை இயந்திரத்தில் பொருத்தி, எந்த வேகத்தில் எவ்வளவு விசை என்று கோடு வரைந்து காட்டுவார்கள். நான்கு சக்கரத்தின் எடையையும் தனித்தனியே பார்ப்பார்கள். அந்தக் கோட்டைக் காட்ட முடியாத கடை, நம் ஊர் மெக்கானிக் செய்யும் அதே வேலையைக் கூடுதல் கூலிக்குச் செய்கிறது. தவிர, தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டி, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அதே அளவு ஷாக்கைத்தான் மாற்றப்போகிறீர்களா? கை பழகியவர் வீட்டிலேயே செய்யலாம். பின்பக்க ஷாக் பல கார்களில் தனியாகக் கழன்று வந்துவிடும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கோத்த முன்பக்க ஸ்ட்ரட்டில் எனக்குப் பயம் உண்டு. அங்கே ஸ்பிரிங் அமுங்கியபடி உட்கார்ந்திருக்கும். 15 செ.மீ. அமுங்கிய ஒரு கார் ஸ்பிரிங்கில் இருப்பது, 25 கிலோ அரிசி மூட்டையை இடுப்புக்கு மேலிருந்து போட்டால் வரும் சக்தி. ஸ்பிரிங் கம்ப்ரஸர் பூட்டாமல் மேல் நட்டைக் கழற்றினால் அது முகத்துக்கு நேராக வரும். பட்டாசு ஊரில் இருக்கும் உங்களுக்கு, அடைத்து வைத்த சக்தியை எப்படி மதிக்க வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கருவி இல்லையென்றால் ஸ்ட்ரட்டை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் எடை இறங்கிய பிறகு இறுக்குங்கள். தொங்கலில் இறுக்கிய புஷ் ஓடும் நேரமெல்லாம் முறுக்கிக்கொண்டே இருந்து, சீக்கிரம் கிழிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து, அதன்மேல் கரிசல் புழுதி அப்பியிருந்தால் அது போய்விட்டது. ஒன்று போயிருந்தாலும் இடமும் வலமும் ஜோடியாக மாற்றுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றியிருந்தால் நேரே வீல் அலைன்மென்ட்டுக்குப் போய்விடுங்கள்.